ட்ரெய்லர் மூக்கின் கனம்

எனக்கு வயது எண்பத்து நாலு. பெற்றது மூன்று, வளர்த்தது ஏழு. மீதி நாலும் யார் பிள்ளைகள் என்று கேட்காதீர்கள். என் கையால் பிசைந்த சோற்றைத் தின்றவர்கள் எல்லாரும் என் பிள்ளைகள்தான்.

பள்ளிக்கூடம் எனக்கு இரண்டு வருஷம்தான் வாய்த்தது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பஸ் நம்பர் பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான் படிப்பு. ஆனால் ஒரு சாமானைத் தூக்கிப் பார்த்து, இது இத்தனை காட்டி என்று அந்தக் காலத்து எடைக்கணக்கில் நான் சொன்னால், தராசில் வைத்தாலும் ஒரு காட்டி முன்னே பின்னேதான் இருக்கும். இன்றைக்கும் கடையில் அரிசிப் பையைத் தூக்கினால் கைக்குத் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டுமே.

போன வாரம் என் கல்யாணக் கதையைச் சொன்னேன். இந்த வாரம் கல்யாணத்துக்குப் பிறகு வந்த ட்ரெய்லர் கதை.

சந்தில் ஒரு காலை

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு பக்கம் மசாலா அரைக்கிற மில். எதிர்ப்பக்கம் காதர் பாயின் பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, கந்தூரி எதுவானாலும் அண்டாவும் பெஞ்சும் பந்தல் சாமானும் அங்கிருந்துதான் போகும். கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதில் நானும் என் வீட்டுக்காரரும்.

அவர்தான் கடையின் டிரைவர். பழைய வேன் ஒன்று, அதன் பின்னால் மாட்டி இழுக்க இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்று.

காலையில் சாமான் ஏற்றி முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வருவேன். ட்ரெய்லருக்கு முன்னால் இரும்புக் கழி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியைத்தான் வேனின் கொக்கியில் மாட்டுவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மூக்கு. மாட்டுவதற்கு முன்னால் அந்த மூக்கை நான் இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சாண் உயரம் தூக்கிப் பார்க்க வேண்டும்.

"மூக்கு எப்படி இருக்கு, செல்லம்?"

"ஒரு வாளிதான் இருக்கு. அண்டாவை முன்னாடி தள்ளுங்க."

தள்ளுவார். மறுபடி தூக்குவேன்.

"இப்ப?"

"ரெண்டு வாளி. மாட்டிக்கங்க."

சந்தில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மசாலா மில்காரர் சும்மா இருக்க மாட்டார். "என்ன தம்பி, பொண்டாட்டியை வச்சு வண்டி இழுக்கிறியா?" என்பார்.

"தராசு அண்ணே இது. பாய் கடையில வாடகைக்குக் கிடைக்காது" என்பார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவாது.

இரண்டு வாளி

வாளி என்றது ரப்பர்ப் பால் வாளியை. கல்யாணத்துக்கு முன்னால் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால் எடுத்தவள் நான். தோளில் காண்டாக் கம்பு, முன்னால் ஒரு வாளி, பின்னால் ஒரு வாளி. பின் வாளியில் பால் கூடிவிட்டால் கம்பு முதுகுப் பக்கம் இழுக்கும். மேட்டில் ஏறும்போது சமாளித்துவிடலாம். இறக்கத்தில்தான் அது ஆட்டம் போட்டு, நம்மையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பால் கொட்டினால் கங்காணி வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே வேலைக் கஷ்டத்தைச் சொன்னார். ட்ரெய்லரில் கனம் பின்னால் போய்விட்டால் வால் ஆடும், வேனையும் சேர்த்து ஆட்டும் என்றார்.

"இது என் காண்டாக் கம்புதானே?" என்றேன்.

அவர் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் முதல்முறையாக மூக்கைத் தூக்கச் சொன்னார். மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்க வேண்டுமாம். முழுப் பாரம் ஏற்றிய ட்ரெய்லருக்கு, அது நிறைந்த பால் வாளி இரண்டின் கனம். அதற்குக் குறைந்தால் வால் ஆடும். ரொம்பவும் கூடினால் வேனின் பின்பக்கம் உட்கார்ந்துபோய், ஸ்டேரிங் சொன்னபடி கேட்காது.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். ட்ரெய்லரின் பக்கப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு எண் எழுதியிருக்கும். எனக்குப் புரியட்டும் என்று அதைப் பிக்குலில் சொன்னார். நூறு காட்டி ஒரு பிக்குல், இப்போதைய அறுபது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பெரிய எண் எட்டரை பிக்குல். அதைப் பார்த்துட்டு எட்டரை ஏத்தலாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது ட்ரெய்லரோட சொந்தக் கனத்தையும் சேர்த்துச் சொன்னது, செல்லம். அது ரெண்டரை. மீதி ஆறுதான் நமக்கு."

எண் வாசிக்கத் தெரிந்த எத்தனையோ பேருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜூரோங்கில் கவிழ்ந்தது

இவ்வளவு ஜாக்கிரதை ஏன் என்று கேட்டால், அவருக்கு ஏற்கெனவே ஒரு அடி விழுந்திருந்தது.

ஜூரோங்கில் சதுப்பைத் தூர்த்துக்கொண்டிருந்த சமயம். பாயிடம் வருவதற்கு முன்னால் அவர் அங்கே ஒரு காண்டிராக்டரிடம் லாரி ஓட்டினார். லாரிக்குப் பின்னால் ட்ரெய்லர், அதில் பலகையும் இரும்பும் தலைக்கு மேலே ஏற்றியிருக்கும். எழுதியிருந்த எண்ணைச் சேறு மூடியிருந்தது. துடைத்துப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை என்று அவரே சொல்வார்.

செம்மண் ரோட்டின் வளைவில் ட்ரெய்லர் கவிழ்ந்தது. லாரியையும் வாய்க்காலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. கூட உட்கார்ந்து வந்தவருக்குக் கை முறிந்தது. பழி டிரைவர் மேல் விழுந்தது. அதன் பிறகு ஆறேழு மாதம் ஒருவரும் இவர் கையில் சாவி கொடுக்கவில்லை.

கொடுத்தவர் காதர் பாய் ஒருவர்தான். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "நம்பித்தான் தர்றேன் தம்பி. ஆனா இன்னொரு தரம் பாரத்தால வண்டி கவுந்துச்சு, சாவியும் என் கைக்கு வந்துடணும், பின்னாடி ரூமும் வந்துடணும்."

அந்த அறையில்தான் என் அடுப்பு இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் இருந்தது. கொஞ்ச நாளில் தொட்டிலும் வரப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

அம்மனுக்கு வந்த மூட்டைகள்

ஆடி மாதம். புக்கிட் பாஞ்சாங் பத்தாம் கட்டையில், அதாவது பத்தாவது மைல்கல்லில், தகரக் கூரை போட்ட சின்ன அம்மன் கோயில் ஒன்று. சுற்றுவட்டாரத்துத் தோட்டத்து ஜனங்களுக்கு வருஷத்தில் ஒருநாள் அங்கே சாப்பாடு போடுவார்கள். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் சிராங்கூன் ரோட்டிலிருந்து போகும்.

"அம்மன் சோறுதானே, வண்டியை எடுத்துக்கிட்டுப் போ. பத்திரமாக் கொண்டா" என்று பாய் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேனையும் ட்ரெய்லரையும் விட்டுக்கொடுத்தார்.

எனக்கு அப்போது ஐந்து மாதம். தெரிந்த நாளிலிருந்து இவர் என்னை மூக்கின் பக்கமே விடுவதில்லை. "வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு இரும்பைத் தூக்குவியா? தள்ளி நில்லு" என்று அதட்டுவார். கடை வேலைக்கு அந்த நாட்களில் ட்ரெய்லரே வேண்டியிருக்கவில்லை, அதனால் சமாளித்துவிட்டோம். அன்றைக்குத்தான் மறுபடி ட்ரெய்லர் வெளியே வந்தது. தூக்கிப் பார்க்க ஆள் இல்லையே என்று, வழக்கத்துக்கு மாறாக முதலிலேயே கொக்கியில் மாட்டிவிட்டார். அதன் பிறகுதான் சாமான் ஏறியது.

ஏற்றச் சொல்லி நின்றது அஞ்சலையக்கா. பொத்தோங் பாசிர் பக்கம் மாடு வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். இரண்டு கையிலும் பால் டின்னோடு நடந்தால் ரோடு அதிரும். குரலும் அப்படித்தான். கோயில் காரியம் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம்.

அம்மன் படம் ட்ரெய்லரின் முன்பக்கம் நடுவில் ஏறியது. பக்கத்தில் கும்பம், குத்துவிளக்கு, பூக்கூடை.

"அக்கா, அரிசி மூட்டையைக் கொஞ்சம் முன்னாடி வச்சா நல்லது" என்றார் இவர்.

"அம்மன் மூஞ்சியில மூட்டையை அடுக்குவியா? எல்லாம் பின்னாடி போகட்டும்."

"ஆட்டுக்கல்லையாச்சும்..."

"காலை நீட்டி உக்காந்து ஆட்டுற கல்லு! அதைக் கொண்டு போய் அம்மன் பக்கத்துல வைப்பியா? உனக்கு யாரு தம்பி புத்தி சொல்லிக் கொடுத்தது?"

இரண்டு ஆட்டுக்கல்லும் வால் முனைக்குப் போயின.

அதற்கப்புறம் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் கணக்கு ஆறு பிக்குல். அது நிறைந்த பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் அரிசி, ஒருவர் பூசணிக்காய், ஒருவர் பித்தளைத் தவலை. அம்மனுக்கு என்று நேர்ந்து தூக்கி வந்ததை வேண்டாம் என்று சொல்லுகிற வாய் நம் ஆட்களுக்குக் கிடையாது.

இவர் ஒரே ஒருவரிடம் சொல்லிப் பார்த்தார். "ஐயா, வண்டி நிறைஞ்சுடுச்சு. இன்னொரு நாள் கொண்டாங்களேன்."

அந்தப் பெரியவர் தோளிலிருந்து மூட்டையை இறக்கவில்லை. "என் மகன் பொழைச்சு எழுந்ததுக்கு நேர்ந்ததுப்பா" என்றார். அவ்வளவுதான். இவரே கை நீட்டி வாங்கி ஏற்றினார்.

ட்ரெய்லர் டயர் இட்லி மாதிரி உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்தேன்.

"என்னங்க, மூக்கு?"

"மாட்டியாச்சே. மெதுவாப் போயிடுறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். சுற்றிலும் பெரியவர்கள் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நின்றார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன். என் கை உயரத்தில்தான் மூக்கு இருந்தது. ஆனால் வண்டியில் மாட்டிய மூக்கு யாருக்கும் எதையும் சொல்லாது.

எட்டாம் கட்டை தாண்டி

புக்கிட் தீமா ரோடு, பக்கத்திலேயே வாய்க்கால். சமதரையில் வண்டி நன்றாகத்தான் போனது. நான் முன்னால், அஞ்சலையக்கா பின்னால் சாப்பாட்டு இலைக்கட்டுகளின் நடுவில். மல்லிகைப்பூ வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து எனக்குக் குமட்டியது. இவர் ஜன்னலை இறக்கிவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார். எப்போது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாரோ தெரியாது.

எட்டாம் கட்டை தாண்டி ஒரு மேடு. ஏறும்போது எஞ்சின் முனகியது. உச்சி தாண்டி இறங்க ஆரம்பித்ததும், பின்னாலிருந்து யாரோ வேனைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. முதலில் இடது பக்கம். உடனே வலது பக்கம். அப்புறம் இன்னும் பெரிதாக இடது பக்கம். என் தோளில் பின் வாளி சுற்றுகிறது என்றே எனக்குத் தோன்றியது.

எதிரே ஒரு பஸ் வந்தது.

"பிரேக்கைப் போடு தம்பி! பிரேக்கு!" என்று அஞ்சலையக்கா அலறினார்.

"யாரும் பேசாதீங்க."

அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தார். ஸ்டேரிங்கை இந்தப் பக்கமும் திருப்பவில்லை, அந்தப் பக்கமும் திருப்பவில்லை. மார்போடு சேர்த்து நேராகப் பிடித்துக்கொண்டார். பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது. ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், புல் ஓரமாக வண்டி நின்றது.

எஞ்சினை அணைத்தார். ஆனால் கை ஸ்டேரிங்கை விட்டு வரவில்லை. விரல் வெளுத்துப் போயிருந்தது. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ரூம் போச்சுன்னு நினைச்சேன், செல்லம்" என்றார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்து, "ரூமை யாரு நினைச்சா" என்றார்.

ரோட்டோரம்

அஞ்சலையக்கா இறங்கி, நெற்றிக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டார். "அம்மா காப்பாத்திட்டா. கிளம்பு தம்பி, உச்சிப் பூசைக்கு நேரமாச்சு லா."

"கொஞ்சம் இறக்கணும் அக்கா."

"எதை? அம்மனுக்குக் கொடுத்ததையா? ரோட்டுலயா? உன் வீட்டுல பிள்ளை பிறக்கப் போகுது, நினைச்சுப் பேசு."

அந்த வார்த்தையில் இவர் வாய் அடைத்துவிட்டது. எனக்கு வாய் திறந்துவிட்டது.

"பிள்ளையை நினைச்சுத்தான் பேசுறோம் அக்கா. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மூக்கைத் தூக்க இப்ப என்னால ஆகாது. நீங்க தினமும் பால் டின் தூக்குற கை. நீங்க தூக்கிப் பாருங்க. ரெண்டு டின் கனம் இருந்துச்சுன்னா நாங்க மூச்சு விடாம கிளம்பிடுறோம்."

"இவ்வளவுதானா?" என்று அக்கா சேலையை இழுத்துச் செருகினார்.

இவர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். வாலுக்கு அடியில் இரண்டு கட்டையை முட்டுக்கொடுத்தார். அப்புறம்தான் கொக்கியைக் கழற்றினார். அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பலமாகத் தூக்கினார். மூக்கு விருட்டென்று மேலே வந்தது. வால் கட்டையில் போய் உட்கார்ந்தது. அக்கா இரண்டு எட்டுப் பின்னால் தடுமாறினார்.

"என்னடி இது! காலிக் கூடையாட்டம் வருது!"

"அம்புட்டுக் கனமும் வால்ல இருக்கு அக்கா. இறக்கத்துல அதுதான் நம்மளைத் தள்ளுச்சு."

அக்கா மூக்கையே பார்த்தார். அப்புறம் முட்டுக்கட்டையைப் பார்த்தார். அதற்கப்புறம் அம்மன் படத்தைப் பார்த்தார். அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு கை கூப்பிக் கும்பிட்டுவிட்டு, படத்தை இரண்டு கையாலும் தூக்கினார். "தாயே, நீ வந்து என் மடியில உக்காரு" என்று வேனுக்குள் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, "நிக்கிறியே தம்பி, அந்தக் கல்லை இப்படிக் கொண்டா" என்று அதட்டினார்.

ஒவ்வொரு மூட்டையும் யார் கொடுத்தது, என்ன கனம் என்று நான் விரல் மடக்கிச் சொன்னேன். ஒன்பது பிக்குலுக்கு மேலே இருந்தது. மூன்று பிக்குலாவது இறங்க வேண்டும். யாருடையதை இறக்குவது என்று நாங்கள் தயங்கியபோது, அக்கா முதலில் தன் மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்தார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரயில்வேக்காரர் வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டம்மாவும் நம் ஆள்தான். விஷயத்தைச் சொன்னதும், துவைத்த சேலை ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தார். "அம்மன் சாமான் என் வீட்டுல தங்கிப் போறதுக்கு நான் கொடுத்து வச்சிருக்கணும்" என்று மூட்டைகளுக்கு மஞ்சள் வைத்தார். ரோட்டில் இறக்குகிற பாவம் எங்களுக்கு வரவில்லை. அவருக்குப் புண்ணியம் போய்ச் சேர்ந்தது.

ஆட்டுக்கல் இரண்டும் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வந்தன. அரிசி அதை ஒட்டி. அக்கா மறுபடி தூக்கினார். இந்தத் தடவை முகம் சிவந்தது.

"ரெண்டு டின்னு. தண்ணி கலக்காத பாலு" என்றார்.

உச்சிப் பொழுது தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். பூசாரி கோபமாக வந்தார். "என்னைத் திட்டுங்க சாமி, தப்பா அடுக்கினவ நான்தான்" என்று அக்கா முன்னால் போய் நின்றார். அவரைத் திட்ட யாருக்குத் தைரியம் இருக்கிறது? இவர் திரும்பிப் போய் மிச்ச மூட்டையையும் கொண்டுவந்தார். ஒருவரும் பசியோடு போகவில்லை. மகன் பிழைத்த பெரியவரின் அரிசியும் அன்றைக்கே உலையில் விழுந்தது.

பாய்க்கு முன்னால்

திரும்பி வரும்போது நான் மெல்லக் கேட்டேன். "ஒண்ணும் ஆகலையே. பாய்கிட்ட சொல்லணுமா?"

அவர் கியரை மாற்றி, வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

சாயங்காலம் பாய் கடை வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இவர் நேரே போய் மேசையில் சாவியை வைத்தார்.

"முதலாளி, வண்டி கவுழல. ஆனா கவுந்திருக்கும். ஆறு ஏத்த வேண்டியதுல ஒன்பதுக்கு மேல ஏத்தினேன். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. என் பொண்டாட்டியையும் அவ வயித்துல இருக்கற பிள்ளையையும் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டினேன்."

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து போய் ட்ரெய்லரைச் சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அவர் திரும்பி வருவதற்குள், எந்தப் பாத்திரத்தை எந்த மூட்டையில் கட்டுவது என்று நான் மனசுக்குள் அறையையே காலி செய்துவிட்டேன்.

"கவுந்தா சாவியைக் கொடுன்னு சொன்னேன்" என்றார் பாய். "கவுக்காம நிறுத்தினவன் எதுக்குக் கொடுக்கறே?"

சாவியை எடுத்து இவர் சட்டைப் பையில் அவரே போட்டார். "இனிமே அம்மன் சாமானா இருந்தாலும் சரி, தர்காச் சாமானா இருந்தாலும் சரி, நானே வந்து ஏத்துன்னு சொன்னாலும் சரி. கூடிப்போச்சுன்னா வேணாம்னு சொல்லு. என் மூஞ்சி வாடினா வாடட்டும். போ, போய்ச் சாப்பிடு. ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

இவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு வருத்தமாக இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ட்ரெய்லர் போகிற நாட்களில், பால் ஊற்றி முடித்ததும் அஞ்சலையக்கா சந்துக்குள் வந்து நிற்பார். "பிள்ளை பிறக்கிற வரைக்கும் நான்தான் தூக்குவேன். நீ உள்ள போய்ப் படுடி" என்பார். மூக்கைத் தூக்கிவிட்டு, "ஒன்றரை டின்னு! உன் வீட்டுக்காரனுக்கு அடுக்கத் தெரியுதா பாரு!" என்று சத்தம் போடுவார். மசாலா மில்காரர் அதோடு கிண்டலை விட்டுவிட்டார். அக்காவைக் கிண்டல் செய்துவிட்டு அந்தச் சந்தில் யார் குடியிருக்க முடியும்?

அந்தப் பிள்ளைதான் என் மூத்தவன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆறு பவுண்டு என்று சொன்னாள். இவர் பிள்ளையைக் கையில் வாங்கியதும் என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு, செல்லம். நீ சொன்னாத்தான் சரி." நான் வாங்கிப் பார்த்து, ஆறுதான் என்றேன். அதுவரைக்கும் அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவும் சொல்லி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. மூத்தவனின் மகன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் தாத்தா போய் வருஷம் பல ஆகிவிட்டன. இவனுக்கும் அதே அடித்தொண்டைக் குரல்.

கண்ணு, எழுதிட்டியா? எங்கே, வாசி பார்ப்போம். முதல்லேருந்து வேணாம்ப்பா. தாத்தா சாவியை வச்சுட்டுப் பாய்கிட்டப் பேசுறாரே, அந்த இடத்துலேருந்து வாசி. அவசரப்படாம, மெதுவா.